லண்டனில் பஸ் ஓட்டுவதற்கு முன்: படிவம், செலவு, நாட்கள், பிறகு அந்த பஸ்

பஸ் லைசென்ஸுக்கு டி4 என்று ஒரு மருத்துவப் படிவம். அதில் ஒரு சின்னக் கட்டம் வெறுமையாகக் கிடந்ததால் எனக்கு ஆறு கிழமை வீணாய்ப் போனது. கண்ணாடி போடுகிறவர் என்றால் அதன் பவர் கூட்டல் எட்டைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. என் கண்ணைப் பார்த்தவர் மற்ற எல்லாவற்றையும் நிரப்பினார், அதை மட்டும் விட்டுவிட்டார். நானும் திருப்பிப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டி, ஸ்வான்சியில் உள்ள லைசென்ஸ் அலுவலகமான டி.வி.எல்.ஏ.க்கு அனுப்பினேன். முழுக்கட்டும் அப்படியே திரும்பி வந்தது. அதற்குள் நான் சேர வேண்டிய பயிற்சிக் குழு தொடங்கிப் போய்விட்டது.

ஹரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், ரூட்டிங் என்று எந்தப் பக்கத்துத் தமிழ்க் கடைக்குப் போனாலும் "தம்பி, பஸ் ஓட்டலாமே, நல்ல வேலை" என்று சொல்ல ஓர் அண்ணை நிற்பார். எப்படிச் சேருவது என்று கேட்டால் இருபது வருடத்துக்கு முன் தான் சேர்ந்த கதையைச் சொல்வார். அதில் பாதி இன்றைக்குச் சரிவராது. தியறிச் சோதனையைத் தமிழில் கேட்டுச் செய்யலாம் என்பார். 2014 ஏப்ரல் 7க்குப் பிறகு அந்த வசதி இல்லை. மிச்சக்காசு கெதியாய்க் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பார். 2014 ஜூலை 6 முதல் லண்டன் பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. ஆகவே அவருடைய அன்பை எடுத்துக்கொள்ளுங்கள், விபரத்தை இங்கே பாருங்கள். கட்டணங்கள் எல்லாம் நான் இதை எழுதும்போது உள்ளவை. கட்டுவதற்கு முன் அரசாங்கத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

1. கார் லைசென்ஸ்

பஸ்ஸுக்கு முன்னால் கார். இலங்கை லைசென்ஸையோ இந்திய லைசென்ஸையோ இங்கே கொடுத்து மாற்ற முடியாது. குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்து கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு நீங்களும் எல் பலகை கட்ட வேண்டியவர்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் சி.ரி.பி. என்ற இலங்கை அரசாங்க பஸ்ஸைப் பதினெட்டு வருடம் ஓட்டியவர். இங்கே வந்து, மகளின் வயதுள்ள பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, சின்னக் கார் ஒன்றில் ரவுண்டபவுட் சுற்றப் பழகினார். அந்தப் பதினெட்டு வருடத்துக்கு இங்கே காகிதத்தில் பெறுமதி கிடையாது. கைப்பழக்கத்தில் இருந்தது, அது பிறகு உதவியது.

புரொவிஷனல், அதாவது பழகுகிறவருக்கான, லைசென்ஸ் இணையத்தில் எடுத்தால் 34 பவுண்ஸ், தபாலில் என்றால் 43. கார் தியறி 23, ஓட்டச் சோதனை வார நாளில் 62. காசைவிடத் திகதி கிடைப்பதுதான் பெரும் பாடு. மாதக் கணக்கில் காத்திருக்க நேரும். "உடனே திகதி எடுத்துத் தருகிறோம்" என்று இரட்டிப்புக் காசு கேட்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள். ரத்தாகும் திகதிகளை விடியக் காலையில் நீங்களே தேடலாம், சும்மா கிடைக்கும்.

கார் லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், ஆறு தண்டப் புள்ளிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகளைப் பெரும்பாலான பஸ் கம்பனிகள் வைத்திருக்கின்றன. கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், விளம்பரத்தில் போட்டிருப்பார்கள்.

2. விசா, பெயர், விலாசம்

பஸ் சாரதி வேலைக்கு ஸ்பொன்சர்ஷிப் கிடையாது. "ஸ்கில்ட் வேர்க்கர்" விசாவில் இந்த வேலை வராது. எனவே "லண்டனில் பஸ் ஓட்ட விசா எடுத்துத் தருகிறோம்" என்று ஊரில் யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று, இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே இங்கே முழுநேரம் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த உரிமையைக் கம்பனி இணையத்தில் பார்க்க, ஷெயார் கோட் என்ற ஓர் எண் எடுக்க வேண்டும், 90 நாள் செல்லும். லைசென்ஸ் விபரம் பார்க்கக் கம்பனி கேட்பது வேறொரு கோட், அது 21 நாள்தான். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். முன்கூட்டியே எடுத்து வைக்கவும் வேண்டாம், கேட்ட அன்றைக்கு எடுங்கள்.

நம்முடைய ஆட்களுக்கென்றே ஒரு பொறி உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, லைசென்ஸில் பின்னுக்கு, நேஷனல் இன்ஷூரன்ஸ் கடிதத்தில் பாதி வெட்டுப்பட்டு, வங்கியில் வேறொரு எழுத்துக்கூட்டல். ஒவ்வொன்றும் தனியே சரிதான், ஒன்றாக மேசையில் வைக்கும்போது நான்கு பேர். விண்ணப்பிக்க முன் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே மாதிரி ஆக்குங்கள். லைசென்ஸில் பழைய விலாசம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

3. எந்தக் கராஜ், எந்த பஸ்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன். எந்தக் கராஜ் கூப்பிட்டாலும் போய்விடுவோம் என்று நினைத்தேன். ஒரு கராஜில் என்ன பஸ் நிற்கிறதோ அதற்குள்தான் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கப் போகிறீர்கள். ஆகவே கொஞ்சம் பாருங்கள்.

லண்டனில் சிவப்பு பஸ் எட்டாயிரத்துக்கு மேல் ஓடுகிறது. எல்லாம் ஒரே நிறம் என்பதால் ஒரே முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். லண்டன் போக்குவரத்து நிர்வாகமான டி.எஃப்.எல். தடத்தையும் நேர அட்டவணையையும் கட்டணத்தையும் தீர்மானிக்கிறது. ஓட்டுவது ஒப்பந்தம் எடுத்த கம்பனிகள்: கோ-அஹெட், அரைவா, மெட்ரோலைன், ஸ்டேஜ்கோச், முன்பு அபெலியோ என்றிருந்த டிரான்ஸ்போர்ட் யூ.கே., 2025 தொடக்கத்தில் ஆர்.ஏ.டி.பி.யின் கராஜ்களை வாங்கிய ஃபர்ஸ்ட் பஸ். சம்பளம், லீவு, பயிற்சி ஒப்பந்தம் எல்லாம் கம்பனிக்குக் கம்பனி வேறு. தடத்தின் ஒப்பந்தம் சில வருடங்களுக்கு ஒருமுறை ஏலத்துக்கு வரும். வேறு கம்பனி வென்றால் தடம் போகும், பஸ்ஸும் மாறும், சில சமயம் சாரதியும் அந்தத் தடத்தோடு புதுக் கம்பனிக்குப் போவார்.

கராஜை எப்படிக் கண்டுபிடிப்பது? பஸ்ஸின் பக்கவாட்டில், சாரதி இருக்கும் இடத்துக்குக் கிட்ட, ஒரு சின்ன எழுத்தும் இலக்கமும் இருக்கும். எழுத்து கராஜ், இலக்கம் அன்றைய ஓட்ட எண். ஹரோ வீல்ட் என்றால் ஹெச்.டி., ஆல்பர்ட்டன் ஓ.என்., இரண்டும் மெட்ரோலைன். பார்க்கிங் பி.கே., வெஸ்ட் ஹாம் டபிள்யூ.ஹெச்., இரண்டும் ஸ்டேஜ்கோச். மெர்ட்டன் ஏ.எல்., கோ-அஹெட். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பஸ்ஸில் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விடிய நாலு மணிக்கு வேலை தொடங்கும் நாளில் பாதாள ரயில் பெரும்பாலும் ஓடாது. கராஜுக்கு நைட் பஸ்ஸிலோ காரிலோ சைக்கிளிலோ போய்ச்சேர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. கார் என்றால் நிறுத்த இடம் இருக்கிறதா என்பது அடுத்தது.

இனி பஸ். அதிகம் காண்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்.டி. என்று தொடங்கும் இலக்கம் கொண்டது நியூ ரூட்மாஸ்டர். மூன்று கதவு, இரண்டு படிக்கட்டு, 11.2 மீற்றர் நீளம். வட அயர்லாந்தின் பாலிமீனாவில் ரைட்பஸ் கட்டியது, மொத்தம் 1,000, இவற்றை டி.எஃப்.எல்.லே சொந்தமாக வாங்கிக் கம்பனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. பார்க்க வடிவு. ஓட்டுகிறவருக்கு மூன்று கதவையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை. 2020 வரை எந்தக் கதவாலும் ஏறலாம் என்றிருந்தது, இப்போது முன்கதவால் மட்டும் ஏற வேண்டும். பழைய பழக்கத்தில் பின்கதவால் தொத்துகிறவர்கள் இன்னமும் உண்டு.

அலெக்ஸாண்டர் டெனிஸ் கட்டிய என்விரோ 400 தான் இந்த ஊரின் வேலைக்கார மாடு. டீசல், ஹைபிரிட், மின்சாரம் என்று பல உருவில் கிடைக்கும். வொல்வோ அடிச்சட்டத்தில் ரைட்பஸ் உடல் ஏற்றிய ஹைபிரிட்டும் நிறைய. ஒற்றைத்தட்டில் என்விரோ 200. மின்சாரத்தில் பி.வை.டி.யும் அலெக்ஸாண்டர் டெனிஸும் சேர்ந்து செய்தவை முதலில் பெருகின. கோ-அஹெட்டின் வாட்டர்லூ கராஜ் 2016இலேயே அவற்றுக்கு மாறியது. இப்போது ரைட்பஸ்ஸின் எலெக்ட்ரோலைனரும் வருகிறது. 7ஆம் தடத்தில் 2021இல் ஹைட்ரஜன் இரட்டைத்தட்டு ஓடத் தொடங்கியது. ஒப்டேர் என்ற கம்பனியின் மின்சார மெட்ரோடெக்கரை வட லண்டனில் காணலாம். அந்த ஒப்டேர் பிறகு ஸ்விட்ச் ஆனது. அது அசோக் லேலண்டின் பிள்ளை. ஊரில் நாங்கள் தொங்கிக்கொண்டு போன லேலண்டின் சொந்தக்காரனை இங்கே ஓசையில்லாமல் ஓடக் கண்டபோது எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. 2025இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார பஸ்ஸும் அதே ஸ்விட்ச்தான்.

புதியவர்கள் எல்லாரும் "முதலில் சின்னதாக ஒற்றைத்தட்டு ஓட்டிப் பழகுவோம்" என்று கேட்பார்கள். என் அனுபவம் நேர்மாறு. ஒற்றைத்தட்டுத் தடங்கள் பல, இரண்டு பக்கமும் கார் நிறுத்திய குடியிருப்புத் தெருக்களுக்குள் போகின்றன. எதிரே ஒரு குப்பை லொறி வந்தால் யார் பின்னுக்கு எடுப்பது என்பதே அன்றைய வேலை. பெரிய றோட்டில் இரட்டைத்தட்டு லேசு. உயரத்தை மட்டும் மறக்கக் கூடாது, ஏறக்குறைய 4.3 மீற்றர். அதைக் கீழே மறுபடியும் சொல்வேன்.

4. டி2, டி4: ஸ்வான்சிக்குப் போகும் கட்டு

பஸ் ஓட்டப் பழக, உங்கள் லைசென்ஸில் பஸ்ஸுக்கான டி பிரிவை புரொவிஷனலாகச் சேர்க்க வேண்டும். விண்ணப்பம் டி2. மருத்துவ அறிக்கை டி4. இரண்டையும் அரசாங்கத் தளத்தில் சும்மா கேட்டு வாங்கலாம், தபாலில் வரும். இந்தப் பிரிவைச் சேர்க்க டி.வி.எல்.ஏ.க்குக் கட்டணமும் இல்லை. படிவம் எடுத்துத் தர என்று காசு வாங்கும் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், தாண்டிப் போங்கள்.

செலவு மருத்துவருக்குத்தான். உங்கள் குடும்ப வைத்தியரான ஜி.பி.யிடம் செய்தால் பெரும்பாலும் 100 பவுண்ஸைத் தாண்டும். இதை மட்டுமே செய்கிற தனியார் கிளினிக்குகள் ஏறக்குறைய பாதிக்குச் செய்யும். கிளினிக் மலிவுதான், ஆனால் உங்கள் மருத்துவப் பதிவு அவர்களிடம் இருக்காது. ஜி.பி.யிடமிருந்து சுருக்கத்தை முதலே எடுத்துக்கொண்டு போங்கள். சில கிளினிக்குகள் கண் பகுதியைச் செய்யமாட்டா, அதற்குக் கண்ணாடிக்கடைக்குத் தனியே போக வேண்டும். பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

என்ன பார்ப்பார்கள்: கண் பலகை அளவில் நல்ல கண்ணில் 6/7.5, மற்றதில் குறைந்தது 6/60. கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தால் போதும், பவர் கூட்டல் எட்டைத் தாண்டக் கூடாது. பக்கப் பார்வை 160 பாகை. பிறஷரின் மேல் எண் 180 அல்லது கீழ் எண் 100, அல்லது அதற்கு மேல் தொடர்ந்து நின்றால் ஓட்ட முடியாது. நித்திரையில் மூச்சடைக்கும் வருத்தம், வலிப்பு, இருதயம், எல்லாம் கேட்பார்கள்.

எங்கள் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு இல்லை. சீனி இருந்தால் வேலை கிடைக்காது என்று பலர் மறைக்கப் பார்க்கிறார்கள். தேவையில்லை. குளிசை எடுக்கிறவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும்கூட, கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் இந்த லைசென்ஸை எடுக்கிறார்கள். இன்சுலின் என்றால் சீனி பார்த்த பதிவுகள் காட்ட வேண்டும், வருடாவருடம் திரும்பப் பார்ப்பார்கள், நாள் கூட எடுக்கும். மறைத்துப் பிடிபட்டால் லைசென்ஸும் போய் வேலையும் போகும்.

போகும் முதல் நாள் இரவு கொத்தும் கோப்பியும் வேண்டாம், பிறஷர் ஏறி நிற்கும். மூக்குக் கண்ணாடியையும் அதன் சீட்டையும் கொண்டு போங்கள். வெளியே வர முன், அங்கேயே கதிரையில் இருந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். எல்லாக் கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை இருக்கிறதா? ஒவ்வொரு பக்க அடியிலும் உங்கள் பெயரும் பிறந்த திகதியும் எழுதியாயிற்றா? வைத்தியரின் கையெழுத்து, திகதி, முத்திரை? கண் பார்த்தவர் வேறொருவர் என்றால் அவருடையதும்? அந்தக் கூட்டல் எட்டு? வெட்கப்படாமல் "இதை நிரப்பவில்லை" என்று காட்டுங்கள். காசு கட்டியவர் நீங்கள்.

வைத்தியர் கையெழுத்திட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் கட்டு அங்கே போய்ச்சேர வேண்டும். அனுப்ப முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்து, கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புங்கள். எல்லாம் சரியென்றால் மூன்று கிழமை அளவில் புதிய அட்டை வரும். மருத்துவத்தில் ஏதாவது இருந்தால் மாதங்கள்.

கம்பனி எடுக்கும்வரை இதைச் செய்யாமல் இருக்கலாமா? சில கம்பனிகள் தாங்களே செய்விக்கின்றன, மருத்துவக் காசும் கொடுக்கின்றன. இருந்தாலும் சொந்தக் காசில் முதலே செய்து வைத்தவரைத்தான் அடுத்த குழுவுக்குக் கெதியாய்க் கூப்பிடுகிறார்கள் என்பது நான் கண்டது.

5. விண்ணப்பமும் நேர்முகமும்

தனியார் பயிற்சிப் பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி டி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வேலை தேடப் போகாதீர்கள். நான் முதலில் ஒரு இடத்துக்கு முற்பணம் கட்டி, திகதி திகதியாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் பாதிக் காசோடு திரும்பினேன். லண்டன் கம்பனிகள் கார் லைசென்ஸ் உள்ளவரை எடுத்து, சம்பளமும் கொடுத்து, சோதனைக் காசும் கட்டி, தாங்களே பழக்குகின்றன. வாட்ஸ்அப் குழுவில் "கராஜில் ஆள் இருக்கிறார், 500 கொடுத்தால் உறுதி" என்று வருவதும் அதே கூட்டம்தான். கம்பனியின் சொந்தத் தளத்தில் நேரடியாகப் போடுங்கள்.

நேர்முகத்தில் ஆங்கிலம் பார்ப்பார்கள், ஆனால் இலக்கணம் பார்ப்பதில்லை. ஒரு சம்பவத்தை நாலு வரியில் எழுதச் சொல்வார்கள். கோபமாக வரும் பயணியோடு எப்படிக் கதைப்பீர்கள் என்று கேட்பார்கள். றோட்டு விதிப் புத்தகமான ஹைவே கோட்டிலிருந்து கேள்வி வரும். பெரும்பாலும் காரில் உங்களை ஓட்டவிட்டும் பார்ப்பார்கள். போதைப்பொருள், மதுச் சோதனை உண்டு.

இரண்டு எண்ணைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, பயிற்சிக் காலச் சம்பளம். பாஸ் பண்ணிய பிறகு வருவதைவிட அது குறைவாக இருக்கும், வீட்டு வாடகையை அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். மற்றது, பயிற்சிக் கடன். இத்தனை காலத்துக்குள் விட்டுப் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். எவ்வளவு, எத்தனை மாதம், மாதாமாதம் குறையுமா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

6. தியறி: மூன்று சோதனை

கேள்வித்தாள்: 100 கேள்வி, 85 சரி வேண்டும், 26 பவுண்ஸ். ஹசார்ட் பெர்செப்ஷன், அதாவது வீடியோவில் ஆபத்தைக் கண்டு தட்டுவது: 19 வீடியோ, நூற்றுக்கு 67, 11 பவுண்ஸ். மூன்றாவது கேஸ் ஸ்டடி, ஒரு நிலைமையைச் சொல்லி அதிலிருந்து கேட்பது: 50க்கு 40, 23 பவுண்ஸ். பெயில் ஆனால் மூன்று வேலை நாள் கழித்துத் திரும்ப எடுக்கலாம். பாஸ் இரண்டு வருடம் செல்லும். முதல் இரண்டும் இல்லாமல் றோட்டுச் சோதனைக்கு விடமாட்டார்கள். கேஸ் ஸ்டடி இல்லாமல் கடைசிச் சோதனைக்கு விடமாட்டார்கள்.

வீடியோவில் விழுகிறவர்கள் இரண்டு வகை. பயத்தில் தொடர்ந்து தட்டுகிறவர். கணினி அதை ஏமாற்று என்று எடுத்து அந்த வீடியோவுக்குப் பூச்சியம் போடும். மற்றவர் அனுபவசாலி, ஆபத்து வரப்போவதை மற்றவர்களுக்கு முதலே கண்டு, நேரம் திறக்க முன் தட்டிவிடுவார். கண்டதும் ஒன்று, அது வளரத் தொடங்கியதும் இன்னொன்று, இரண்டு தட்டு போதும். போட்டோ லைசென்ஸை மறந்து போனால் உள்ளே விடமாட்டார்கள், காசும் திரும்பாது.

7. பழகுவதும் றோட்டுச் சோதனையும்

எல் பலகை கட்டிய பழைய பஸ் ஒன்றில், இரண்டு மூன்று பேரும் ஒரு பயிற்றுநருமாக நாள் முழுக்கச் சுற்றுவீர்கள். ஒருவர் ஓட்ட மற்றவர்கள் பின்னால். பின்னால் இருக்கும் நேரத்தில் போன் நோண்டாதீர்கள், மற்றவருக்குச் சொல்லப்படும் பிழைதான் நாளைக்கு உங்களுடையது. காருக்கும் பஸ்ஸுக்கும் முக்கிய வித்தியாசம்: முன்சில்லு உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூலையைத் தாண்டிப் போய்த்தான் திருப்ப வேண்டும். கூடவே வால் வெளியே அடிக்கும், நிறுத்தத்தில் நிற்கிறவரின் தோளை அது தட்டும்.

3ஏ என்பது மைதானத்தில் பின்னுக்கு எடுப்பது, 40 பவுண்ஸ். 3பி றோட்டில், ஒன்றரை மணி நேரம், வார நாளில் 115. பெரிய பிழை ஒன்று வந்தாலே முடிந்தது. சின்னப் பிழை 15 வரை பொறுப்பார்கள். கடைசியான நான்காவது சோதனை 55 பவுண்ஸ், அரை மணி நேரம்: பஸ்ஸைச் சுற்றி வந்து எதை எப்படிப் பார்ப்பீர்கள், தீப்பிடித்தால் என்ன என்று காட்டிச் சொல்ல வேண்டும். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றிலும் 20க்கு 15, மொத்தத்தில் 80 வீதம். நன்றாக ஓட்டுகிறவர்கள் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன், வாய் திறக்காத காரணத்தால். டயரைப் பார்த்துத் தலையாட்டினால் புள்ளி இல்லை, "வெட்டு இல்லை, வீக்கம் இல்லை, நட்டு எல்லாம் இறுக்கம்" என்று சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் கம்பனி கட்டும் காசு. முதல் தடவை மட்டுமா, திரும்ப எடுத்தாலுமா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

8. டைப் ரெயினிங்

டி லைசென்ஸ் வந்தால் சட்டப்படி எந்த பஸ்ஸையும் ஓட்டலாம். கராஜ் விடாது. ஒவ்வொரு மொடலுக்கும் தனியே பழக்கி, கையெழுத்து வைத்த பிறகுதான் அதன் சாவி. ஒரு மொடலுக்கு அரை நாளும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். அவசரப்பட்டு "விளங்கிற்று" என்று சொல்லிவிட வேண்டாம்.

நான் டீசல் என்விரோ 400இல் பழகியவன். மின்சார பஸ்ஸுக்கு மாறிய முதல் நாள், கராஜ் முற்றத்தில் பட்டனை அழுத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்தேன். பயிற்றுநர் சிரித்தார், "ஓடிக்கொண்டுதான் இருக்கிறது". வெளியே எடுத்து, நிறுத்தத்துக்கு முன் டீசலில் செய்கிற மாதிரிக் காலை அக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று எடுத்தேன். பஸ் தானே பிடித்து இழுத்தது; பின்னால் நின்ற மற்றப் பயிலுனர் இரண்டு அடி முன்னால் வந்து கம்பியில் மோதினார். மின்சார பஸ் வேகத்தைக் குறைக்கும்போது அந்தச் சக்தியைத் திருப்பி பற்றரிக்குள் எடுக்கும்; கால் எடுத்தாலே பாதி பிரேக் பிடித்த மாதிரி. பாதத்தைச் சீலை விரிக்கிற மாதிரி மெல்ல எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊன்றுகோல் பிடித்த ஓர் ஆச்சி விழுவார், அதன் பிறகு உங்களுக்கு நித்திரை வராது. தொடக்கத்திலும் அப்படித்தான், மிதித்த உடனே பாயும்.

ஒவ்வொரு மொடலிலும் நான் கேட்டு எழுதிக்கொண்டவை: கைப்பிரேக் எங்கே, கதவைத் திறந்தால் பிரேக் தானே பூட்டுமா, அவசரக் கதவுத் திறப்பு எங்கே, சக்கர நாற்காலிப் பலகை நடுக்கதவில் எப்படி வெளியே வரும், வராவிட்டால் கையால் எப்படி, மெயின் சுவிட்ச் எங்கே. மின்சாரத்தில் செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது. புதிய சில பஸ்களில் பக்கக் கண்ணாடியே இல்லை. கமெரா, உள்ளே திரை. முதல் கிழமை தலை தானாக வெளியே திரும்பும். வேகக் கட்டுப்பாடும் வண்டிக்குள்ளேயே இருக்கும்: மணிக்கு 20 மைல் வலயத்தில் மிதித்தாலும் 20தான். இது பழுது என்று ரேடியோவில் சொல்லி நான் பேச்சு வாங்கினேன்.

ஒற்றைத்தட்டில் பழகி இரட்டைத்தட்டுக்கு வருகிறவர்கள் உயர எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். கபினில் ஒட்டியும் இருக்கும். உங்கள் தடத்தில் பாலம் பிரச்சினை இராது, பார்த்துத்தான் தடம் போட்டிருப்பார்கள். றோட்டு மூடி, பொலிஸ்காரர் "அந்தப் பக்கம் போ" என்று கை காட்டும் நாள்தான் ஆபத்து. அவருக்கு உங்கள் உயரம் தெரியாது. ரேடியோவில் கம்பனியின் கொன்ட்ரோல் அறையிடம் கேட்காமல் தெரியாத தெருவுக்குள் இரட்டைத்தட்டைத் திருப்பக் கூடாது. பின்னால் கோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

9. முதல் மாதங்கள்

தடம் படிக்க அனுபவசாலி ஒருவரோடு விடுவார்கள். அதற்கு முன் லீவு நாளில் நீங்களே பயணியாக மேல்தட்டின் முன் இருக்கையில் இருந்து இரண்டு முறை போய் வாருங்கள். எந்த நிறுத்தத்தில் மரக்கிளை அடிக்கும், எந்தச் சந்தியில் லேனை முதலே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் மேலிருந்து தெரியும்.

நேரம்: ஒரு நாளில் ஓட்டுவது 10 மணிக்கு மேல் போகக் கூடாது, ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் 30 நிமிட ஓய்வு, இரண்டு வேலைக்கு நடுவில் பொதுவாக 10 மணி நேரம். இதைவிடக் கூட வேலை செய்யக் கேட்டால் மறுக்கலாம். வெள்ளிக்கிழமைக் கோயிலும் சனிக்கிழமைக் கலியாண வீடும் முதல் வருடத்தில் உங்களுக்கு இல்லை என்று வீட்டில் முதலே சொல்லிவிடுங்கள். நல்ல ஷிப்ட் பழைய ஆட்களுக்கு.

மொத்தக் காலம்: தடங்கல் இல்லாமல் போனால் டி2 அனுப்பியதிலிருந்து தனியே பஸ் எடுக்கும்வரை நாலைந்து மாதம். எனக்கு ஏழு. கைச்செலவு, கார் லைசென்ஸ் ஏற்கெனவே இருப்பவருக்கு, மருத்துவமும் தபாலும் புத்தகமும்தான், 100 பவுண்ஸ் அளவில் முடியும்.

பாஸ் பண்ணியதும் சாரதித் தகுதி அட்டை ஒன்று வரும். ஓட்டும்போது கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 50 பவுண்ஸ் தண்டம். அது ஐந்து வருடம். அதற்குள் 35 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும், கம்பனி நாள் போடும், ஆனால் எண்ணிக்கை உங்கள் பொறுப்பு. 45 வயதில் டி4 மறுபடி வரும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 65இலிருந்து வருடாவருடம். எனக்கு வருகிற மாசியில். கண்ணாடிச் சீட்டை இப்போதே லைசென்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.